சார்ட்டர் பள்ளிகளுக்கு ஒரே விண்ணப்பம்: மற்ற நகரங்கள் பட்ட பாட்டிலிருந்து என்ன எடுத்துக்கொள்ளலாம்?

வேப்பமரத்தடி

வணக்கம். எங்கள் நகரத்தில் சார்ட்டர் பள்ளிகளுக்கும் மாவட்டப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் கொண்டுவரலாமா என்று பள்ளி வாரியம் பேச ஆரம்பித்திருக்கிறது. அடுத்த கூட்டத்தில் பெற்றோர் தரப்பில் பேச என் பெயரையும் கொடுத்துவிட்டார்கள். அதனால் ஊர் பெயரை இங்கே போடவில்லை.

அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து படிப்பவர்களுக்காக: சார்ட்டர் பள்ளி அரசுப் பணத்தில் நடப்பது. கட்டணம் கிடையாது. ஆனால் நடத்துவது மாவட்டம் (ஊரின் மற்ற அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) அல்ல, தனி நிர்வாகக் குழு. இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வந்தால் பொதுவாகக் குலுக்கல் போட்டுத்தான் பிள்ளைகளை எடுக்க வேண்டும். இப்போது எங்கள் ஊரில் பள்ளிக்கு ஒரு படிவம், பள்ளிக்கு ஒரு கடைசித் தேதி, பள்ளிக்கு ஒரு குலுக்கல். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு நாலு பள்ளியில் இடம் கிடைக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றுமே கிடைக்காது. நாலு கிடைத்தவர்கள் ஆகஸ்ட் வரை எதையும் விடமாட்டார்கள். வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆன பிறகுதான் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று தலைமையாசிரியருக்கே தெரியும்.

நான் படித்த வரையில் டென்வரும் நியூ ஆர்லியன்ஸும்தான் இதில் முன்னோடிகள். டென்வரில் ஒரு காலத்தில் 60-க்கும் மேற்பட்ட சேர்க்கை முறைகள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. 2010 டிசம்பரில் மாவட்டமும் சார்ட்டர் பள்ளிகளும் ஓர் உடன்படிக்கை போட்டன. 2012-13 கல்வியாண்டுக்கான சேர்க்கையிலிருந்து எல்லாம் ஒரே படிவத்துக்கு வந்தது. அதே ஆண்டுக்கு நியூ ஆர்லியன்ஸில் 'ஒன்ஆப்' என்ற பொது விண்ணப்பம் வந்தது. 2014-15-க்குத் தலைநகர் வாஷிங்டனும் நியூவார்க்கும் சேர்ந்துகொண்டன. 2018-19-க்கு சிகாகோ உயர்நிலைப் பள்ளிகள்.

இதில் எந்த ஊர் எதைச் சரியாகச் செய்தது, எங்கே சறுக்கியது? மென்பொருள் விற்பவர்களின் விளக்கப் படங்களை நிறையவே பார்த்துவிட்டேன். அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

கணக்கன்

கூட்டத்தில் எல்லாரும் 'கணினி எப்படி முடிவு செய்யும்' என்று பயப்படுவார்கள். இருப்பதிலேயே தீர்ந்துபோன பகுதி அதுதான், ஆகவே அதை முதலில் முடித்துவிடுவோம்.

டேவிட் கேலும் லாயிட் ஷாப்ளியும் 1962-ல் எழுதிய சில பக்கக் கட்டுரைதான் அடிப்படை. ஒவ்வொரு பிள்ளையும் தன் முதல் விருப்பப் பள்ளியைக் கேட்கிறது. பள்ளி, தன்னிடம் வந்தவர்களை முன்னுரிமைப்படி (அண்ணனோ அக்காவோ அங்கே படிக்கிறார்களா, வீடு பக்கத்தில் இருக்கிறதா) அடுக்குகிறது. சமமாக நிற்பவர்களைக் குலுக்கல் எண் பிரிக்கிறது. இடம் உள்ளவரை ஆட்களைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுகிறது. அனுப்பப்பட்ட பிள்ளை தன் இரண்டாவது பள்ளியைக் கேட்கிறது. அந்தப் பள்ளி, ஏற்கெனவே வைத்திருப்பவர்களோடு இந்தப் பிள்ளையையும் சேர்த்து மறுபடி அடுக்கும். புதிதாக வந்த பிள்ளைக்கு முன்னுரிமை இருந்தால் உள்ளே இருந்த ஒருவர் வெளியே போக வேண்டியதுதான். இனி அனுப்ப யாரும் இல்லை என்ற நிலை வரும்வரை இது ஓடும். அதற்கு அப்புறம்தான் இடம் உறுதி.

கடைசிவரை எதையும் உறுதி செய்யாமல் வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாஸ்டனில் 2005 வரை வேறு முறை. முதல் சுற்றிலேயே, முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கு இடத்தை உறுதி செய்துவிடுவார்கள். கூட்டம் மோதும் பள்ளியை முதலில் எழுதி அது கிடைக்காவிட்டால், இரண்டாவது பள்ளி அதற்குள் நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் இதைக் கண்டுபிடித்து, எதை முதலில் எழுதினால் தப்பிக்கலாம் என்று குழுவாகக் கூடிப் பேசினார்கள். 'வெஸ்ட் ஜோன்' பெற்றோர் குழு இதற்குப் பேர்போனது. விவரம் தெரியாத பெற்றோர் மனதில் உள்ளதை அப்படியே எழுதி ஏமாந்தார்கள். பராக் பத்தக்கும் தய்ஃபுன் சொன்மெஸும் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பிரபலம். புதிய முறையில் இந்தத் தந்திரத்துக்கு வேலை இல்லை. உண்மையான விருப்ப வரிசையை எழுதுவதால் யாருக்கும் நஷ்டம் வராது என்பதைக் கணிதத்தில் நிரூபித்திருக்கிறார்கள்.

நியூயார்க் உயர்நிலைப் பள்ளிகளில் 2003-04 சேர்க்கைக்கு இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, பட்டியலில் எழுதாத ஏதோ ஒரு பள்ளிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் சுமார் 30,000 பேர். மாற்றிய ஆண்டு சுமார் 3,000. ஆனால் அங்கே சார்ட்டர் பள்ளிகள் இந்த முறைக்கு வெளியே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

2012-ல் ஷாப்ளிக்கும் ஆல்வின் ராத்துக்கும் நோபல் கிடைத்தது இந்த வகை வேலைக்குத்தான்.

சும்மாபோறவன்

இது நம்ம தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சலிங்தானே சார்? இதுக்கு நோபல் வேறயா!

கணக்கன்

அவ்வளவு சுலபம் இல்லை சார். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் எல்லாக் கல்லூரிக்கும் அடிப்படை ஒரே கட்-ஆஃப் மதிப்பெண் வரிசை. முதல் ரேங்க் எடுத்தவர் எங்கே போனாலும் முதல் ரேங்க்தான். இட ஒதுக்கீட்டுப் பிரிவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, வரிசையில் முன்னால் நிற்பவர் முதலில் எடுக்கிறார். இங்கே பள்ளிக்குப் பள்ளி வரிசை மாறும். உங்கள் பெண் படிக்கும் பள்ளியில் உங்கள் பையன் எனக்கு முன்னால். என் தெருமுனைப் பள்ளியில் என் பையன் உங்களுக்கு முன்னால். இரண்டு பேருக்கும் மூன்றாவது ஒரு பள்ளிதான் வேண்டும், அங்கே இருவருக்குமே முன்னுரிமை இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் அந்தக் கணக்கு. 2015 முதல் ஐ.ஐ.டி.யும் என்.ஐ.டி.யும் சேர்ந்து இடம் ஒதுக்குகிறார்களே, அதை வேண்டுமானால் இதற்குச் சொந்தக்காரர் எனலாம்.

டீசி அம்மா

வாஷிங்டனில் இரண்டு பிள்ளைகளுக்கு இதில் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் பெற்றோர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு.

'மை ஸ்கூல் டீசி' என்று பெயர். ஒரு படிவத்தில் 12 பள்ளிகள் வரை எழுதலாம். மாவட்டப் பள்ளியும் சார்ட்டர் பள்ளியும் கலந்தே இருக்கும். கிண்டர்கார்டனிலிருந்து மேலே என்றால் உங்கள் வட்டாரத்துப் பள்ளியில் இடம் உங்கள் உரிமை, அதற்கு குலுக்கல் வேண்டாம். 3 வயது, 4 வயது வகுப்புகளுக்குப் பொதுவாக அந்த உரிமை இல்லை. நகரம் முழுக்க அந்த வகுப்புகள் இலவசம் என்பதால் தள்ளுமுள்ளு அங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்த ஊரில் டே கேர் கட்டணம் என்ன என்று தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வசந்த காலத்தில் முடிவு வரும். பலரும் புரிந்துகொள்ளாத விதி இது: உங்களுக்குக் கிடைத்த பள்ளிக்கு மேலே நீங்கள் எழுதிய பள்ளிகளின் காத்திருப்புப் பட்டியலில் மட்டும்தான் பெயர் நிற்கும். கீழே எழுதியவை எல்லாம் அப்போதே போய்விடும். 'எதற்கும் பத்திரமாக இருக்கட்டும்' என்று கிடைக்கக்கூடிய பள்ளியை முதலில் எழுதி, ஆசைப்பட்டதை மூன்றாவதாக எழுதுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆசைப்பட்ட பள்ளியின் காத்திருப்புப் பட்டியலில்கூட இடம் இருக்காது. படிவத்தின் தலையிலேயே இதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். உங்கள் ஊரில் கொண்டுவந்தால் இதை ஸ்பானிஷிலும், அங்கே பேசும் மற்ற மொழிகளிலும், தொலைபேசியிலும் சொல்ல ஆள் வேண்டும்.

காத்திருப்புப் பட்டியல் கோடை முழுக்க நகரும். என் பெண்ணுக்கு ஒரு சார்ட்டர் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது வகுப்பு தொடங்க சில நாள்தான் இருந்தது. வேறொரு பள்ளிக்கு வாங்கிய சீருடை பெட்டியில் கிடக்கிறது.

பிராட் தெரு

நியூவார்க்கில் இருக்கிறேன். இங்கே நடந்ததைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 'தகவல் தொடர்பில் குறை' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முதலில் பின்னணி. நியூவார்க் பள்ளிகள் 1995 முதல் மாநில அரசின் கையில் இருந்தன. ஊர் தேர்ந்தெடுத்த வாரியத்துக்கு அதிகாரம் கிடையாது. பள்ளிகளின் தலைமை அதிகாரியான கண்காணிப்பாளர் கேமி ஆண்டர்சனை 2011-ல் மாநிலம்தான் நியமித்தது. 2013 டிசம்பரில் அவர் 'ஒன் நியூவார்க்' திட்டத்தை அறிவித்தார். அதில் பொது விண்ணப்பம் ஒரு பகுதிதான். கூடவே பள்ளிகளை மூடுவது, இடம் மாற்றுவது, சில கட்டடங்களைச் சார்ட்டர் நிறுவனங்களுக்குக் கொடுப்பது என்று ஒரு மூட்டையே இருந்தது. மூட்டையை அப்படியே மக்கள் தலையில் வைத்தார்கள்.

மறு ஆண்டு என்ன ஆயிற்று? ஒரே வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். கார் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஊரின் அடுத்த கோடியில் பள்ளி. பள்ளி திறக்கும் சமயத்தில், ஆகஸ்டில், சேர்க்கை மையத்தின் வாசலில் பெற்றோர் மணிக்கணக்காக வரிசையில் நின்றார்கள். 2014 மே மாதம் நடந்த மேயர் தேர்தலில் இந்தத் திட்டத்தை எதிர்த்துப் பேசிய ராஸ் பராகா வென்றார். கல்வியில் குடிமை உரிமை மீறல் நடந்ததா என்று மத்திய கல்வித் துறை விசாரிக்கத் தொடங்கியது. 2015 பிப்ரவரியில் மாணவர்கள் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குள் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த ஜூனில் ஆண்டர்சன் பதவி விலகினார்.

கணக்கன் சொல்லும் அதே வகைக் கணக்குதான் இங்கேயும் ஓடியது. மூடப்போகும் பள்ளிக்கு வேறு வழி தேட உங்களையே ஒரு படிவம் நிரப்பச் சொல்லி, அதற்கு 'விருப்பம்' என்று பெயர் வைத்தால் ஊர் எப்படி ஏற்கும்?

வேப்பமரத்தடி

பிராட் தெரு, நன்றி. ஒரு கேள்வி. மூடல்கள் இல்லாமல் விண்ணப்பம் மட்டும் வந்திருந்தால் நியூவார்க் ஏற்றுக்கொண்டிருக்குமா?

பிராட் தெரு

ஓரளவு ஏற்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பராகா வந்த பிறகும், 2018-ல் பள்ளிகள் ஊரின் கைக்கே திரும்பிய பிறகும், பொது விண்ணப்பத்தை உடனே தூக்கி எறியவில்லை. பெயரை மாற்றி, விதிகளைத் திருத்தி ஓட்டினார்கள். அப்படியானால் ஊர் வெறுத்தது படிவத்தை இல்லை. யார் கொண்டுவந்தார்கள், கூட என்ன கொண்டுவந்தார்கள் என்பதை வெறுத்தது. உங்கள் வாரியத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அடுத்த இரண்டு ஆண்டில் எந்தப் பள்ளியையாவது மூடும் எண்ணம் உண்டா?

மிசிசிப்பிக் கரை

நியூ ஆர்லியன்ஸில் சில ஆண்டுகள் வகுப்பறையில் இருந்தவன். டென்வரையும் எங்கள் ஊரையும் ஒரே வாக்கியத்தில் எழுதுகிறீர்கள், கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டென்வரில் மாவட்டம் என்று ஒன்று முழுசாக இருந்தது. சார்ட்டர் அதன் பக்கத்தில் வளர்ந்தது. இங்கே 2005-ல் கட்ரீனா புயலுக்கு அப்புறம் மாநிலம் பெரும்பாலான பள்ளிகளை 'ரெக்கவரி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்ற அமைப்பின் கையில் கொடுத்தது. அது ஒவ்வொன்றாகச் சார்ட்டர் ஆக்கியது. 2014-ல் அதன் கீழ் இருந்த நியூ ஆர்லியன்ஸ் பள்ளிகள் எல்லாமே சார்ட்டர். இடைப்பட்ட ஆண்டுகளில் பெற்றோர் பட்ட பாடு சொல்லி முடியாது. ஒவ்வொரு பள்ளியும் ஒரு தனி நாடு. படிவம் வாங்க ஒரு நாள், கொடுக்க ஒரு நாள், குலுக்கலுக்கு நேரில் வர ஒரு நாள். மணிக்கூலி வேலையில் இருப்பவர் எத்தனை நாள் சம்பளத்தை விடுவார்? உங்கள் பிள்ளைக்கு மாற்றுத்திறன் சேவை வேண்டும் என்றால் 'இந்தப் பள்ளி உங்களுக்குச் சரிவராதே' என்று இனிமையாகச் சொல்லி அனுப்ப ஆயிரம் வழி இருந்தது. குலுக்கல் என்று சட்டம் இருந்தும், குலுக்கலுக்கு முன்னாலேயே யார் வர வேண்டாம் என்று முடிவாகியிருக்கும்.

ஹூரியா ஜப்பார் என்ற ஆய்வாளர் இங்கே 30 பள்ளிகளின் தலைவர்களிடம் பேசி 2015-ல் ஒரு கட்டுரை எழுதினார். தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்குப் பணம் வருவதால் பிள்ளைகளைப் பிடிக்கப் போட்டி எப்படி நடக்கிறது என்பது கட்டுரையின் பொருள். காலி இடம் இருந்தும் அதை விளம்பரம் செய்யாமல் இருந்த பள்ளிகளும் அதில் வருகின்றன. நடு ஆண்டில் வரும் பிள்ளைகள் கஷ்டமான பிள்ளைகள் என்ற பயம்தான்.

ஒன்ஆப்பின் உண்மையான வேலை இந்தச் சின்னச் சின்னக் கதவுகளை மூடியதுதான். யார் வருவார்கள் என்று முடிவு செய்யும் அதிகாரம் பள்ளி அலுவலகத்தின் கையிலிருந்து போனது. நடு ஆண்டு மாற்றமும் மைய அலுவலகம் வழியாகத்தான். பலரும் மறந்துவிடுவது இன்னொன்று: அதே 2012 வாக்கில் பள்ளியிலிருந்து நீக்குவதற்கும் பொதுவான விசாரணை முறை கொண்டுவந்தார்கள். முன்பெல்லாம் ஒரு பள்ளி தானே குற்றம் சாட்டி, தானே விசாரித்து, தானே வெளியே அனுப்பும். சேர்க்கையைப் பொதுவாக்கிவிட்டு நீக்கத்தைப் பள்ளியிடமே விட்டால், முன்வாசலில் எடுத்துப் பின்வாசலில் தள்ளிவிடுவார்கள். வேப்பமரத்தடி, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முதல் நாளே நடக்கவில்லை. பென் ஃபிராங்க்ளின், லஷர் மாதிரி தேர்வு வைத்து எடுக்கும், பெயர் பெற்ற சார்ட்டர் பள்ளிகள் ஊரின் பழைய பள்ளி வாரியமான ஆர்லியன்ஸ் வாரியத்தின் கீழ் இருந்தன. பல ஆண்டுகள் ஒன்ஆப்புக்கு வெளியிலேயே நின்றன. ஊரில் எல்லாரும் ஆசைப்படும் பள்ளிகள் பட்டியலிலேயே இல்லை என்றால் ஒரே விண்ணப்பம் என்ற பேச்சுக்கு என்ன மதிப்பு? பள்ளிகள் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது சேர்ந்தே ஆக வேண்டும் என்று பின்னால் நிபந்தனை வைத்தார்கள். அதையே முதலில் வைத்திருக்கலாம்.

சும்மாபோறவன்

பின்வாசல் என்று சொன்னதும் கேட்கிறேன். பெரிய மனிதர்களின் பிள்ளைகளும் குலுக்கலில்தான் வருகிறார்களா, இல்லை போன் போட்டால் நடக்குமா? ஊர் எதுவானாலும் இது ஒன்று மாறாதே.

டீசி அம்மா

நடந்தது. பத்திரிகையில் வந்த கதை என்பதால் பெயரோடு சொல்லலாம்.

கயா ஹெண்டர்சன் இங்கே பள்ளிகளின் தலைவராக (சான்ஸ்லர் என்பார்கள்) இருந்தபோது சில அரசு அதிகாரிகளின் பிள்ளைகளுக்குக் குலுக்கலைத் தாண்டி இடம் கொடுத்தார் என்று நகரத்தின் தலைமை ஆய்வாளர் அறிக்கை 2017-ல் சொன்னது. அவருக்குப் பின் வந்த ஆன்ட்வன் வில்சன், இனி அப்படி நடக்கக்கூடாது என்று விதியைக் கடுமையாக்கினார். 2018 பிப்ரவரியில் தெரிய வந்தது என்னவென்றால், அவருடைய மகளே ஒரு கலைப் பள்ளியிலிருந்து வேறொரு உயர்நிலைப் பள்ளிக்கு, 600-க்கும் மேற்பட்டோர் காத்திருக்கும் பட்டியலைத் தாண்டி மாற்றப்பட்டிருந்தாள். அவர் விலகினார். கல்விக்கான துணை மேயரும் விலகினார்.

ஒரு கூடுதல் தகவல்: இதே வில்சன் முன்பு டென்வர் மாவட்டத்தில் அதிகாரி. பிறகு ஓக்லாண்டில் கண்காணிப்பாளராக இருந்தபோது அங்கே பொது விண்ணப்பம் கொண்டுவரப் பாடுபட்டவர். குலுக்கலின் நியாயத்தை ஊர் ஊராக எடுத்துச் சொன்னவர் விழுந்தது குலுக்கலில்தான்!

ஆனால் சும்மாபோறவன், நீங்கள் சொல்வது போல 'ஒன்றும் மாறாது' என்று நான் நினைக்கவில்லை. பள்ளிக்கு ஒரு குலுக்கல் இருந்த காலத்தில் இப்படி ஒன்று நடந்தால் யாருக்குத் தெரியும்? பொதுப் பட்டியல் இருந்ததால்தான், வரிசையில் முன்னால் இத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிக்கையோடு காட்ட முடிந்தது.

வேப்பமரத்தடி

ஓக்லாண்டைப் பற்றிக் கேட்க நினைத்தேன். அங்கே ஏன் நிறைவேறவில்லை?

பிராட் தெரு

பெற்றோர்களும் ஆசிரியர் சங்கமும் எதிர்த்தார்கள். மாவட்டத்தின் படிவத்திலேயே சார்ட்டர் பள்ளிகளையும் போட்டால், மாவட்டமே தன் செலவில் அவற்றுக்கு விளம்பரம் செய்கிறது என்பது வாதம். பிள்ளை போனால் பணமும் கூடப் போகும். வாரியம் பின்வாங்கியது. பிறகு சார்ட்டர் பள்ளிகள் தங்களுக்குள் ஒரு பொது விண்ணப்பம் வைத்துக்கொண்டன. இப்போது பெற்றோருக்கு இரண்டு படிவம். அறுபதைவிட இரண்டு நல்லதுதான், ஆனால் ஒரு பிள்ளை இரண்டு இடத்தைப் பிடித்து வைத்திருக்கும் பிரச்சினை அப்படியே இருக்கிறது. பாஸ்டனிலும் 2015-ல் மேயர் மார்ட்டி வால்ஷ் காலத்தில் பேசினார்கள். அதே பயம்தான் எழுந்தது, நடக்கவில்லை.

அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று நான் ஒதுக்க மாட்டேன். அது நிஜமான பணம்.

கணக்கன்

பணம் நிஜம்தான். ஆனால் இப்போது சார்ட்டருக்குப் போக நினைப்பவர் தனிப் படிவம் போட்டுப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். பொதுப் படிவம் வந்தால் விவரமில்லாதவருக்கும் அந்த வழி திறக்கும். அதை 'விளம்பரம்' என்று சொல்வது, விவரமில்லாதவர் விவரமில்லாமலே இருக்கட்டும் என்று சொல்வதாக எனக்குப் படுகிறது.

பிராட் தெரு

விவரம் இருந்தால் மட்டும் என்ன, ஊரில் நல்ல பள்ளி ஐந்துதான் இருக்கிறது என்றால்? கணக்கு ஓர் இடத்தைக்கூடப் புதிதாக உண்டாக்காது. முன்பு ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காதது செல்வாக்கு இல்லாததால். இப்போது குலுக்கல் எண் சரியில்லாததால். இரண்டாவது நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை உட்காரும் வகுப்பறை அதேதான்.

கணக்கன்

இதில் உங்களோடு சண்டை போட மாட்டேன். ஆனால் ஒரு பயன் சொல்கிறேன். ஒரே பட்டியலில் எல்லாரும் விருப்பத்தை எழுதும்போது, எந்தப் பள்ளியை எத்தனை பேர் கேட்டார்கள், எங்கே ஒருவரும் கேட்கவில்லை என்று ஊருக்கே தெரிகிறது. பல படிவ முறையில் ஒரே பிள்ளையை ஐந்து பள்ளிகளும் 'எங்களுக்குக் காத்திருப்பவர்' என்று எண்ணிக்கொள்ளும். எந்த இடத்தில் புதிய பள்ளி வேண்டும் என்று சண்டை போட உங்களுக்குக் கையில் ஆதாரம் கிடைக்கும்.

இன்னொன்று, குலுக்கல் எண் தற்செயலானது என்பதால் பள்ளி உண்மையில் எவ்வளவு சொல்லிக்கொடுக்கிறது என்றும் அளக்கலாம். அப்துல்கதிரோலு, ஆங்ரிஸ்ட், நரிதா, பத்தக் நால்வரும் டென்வரின் விண்ணப்பத் தரவை வைத்து 2017-ல் செய்த ஆய்வு இந்த வகை. அங்கே சார்ட்டர் பள்ளிகளுக்குப் போனவர்கள், குறிப்பாகக் கணக்கில், நன்றாக முன்னேறினார்கள். இதை டென்வருக்கு மட்டும் சொல்கிறேன், உங்கள் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை.

மிசிசிப்பிக் கரை

விருப்பத்தை எழுதுகிறார்கள் என்கிறீர்கள். எதை வைத்து எழுதுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? டுலேன் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹாரிஸ் குழு ஒன்ஆப் பட்டியல்களை வைத்து இதை ஆராய்ந்தது. தேர்வு முடிவு முக்கியம்தான். ஆனால் தூரம், பள்ளி முடிந்த பிறகு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வசதி, உயர்நிலையில் கால்பந்தும் பேண்ட் வாத்தியக் குழுவும், இவையும் முடிவை மாற்றுகின்றன. வருமானம் குறைந்த வீடுகளில் இந்தக் காரணங்களின் எடை இன்னும் கூடுதல்.

இதைப் படித்துவிட்டு 'ஏழைப் பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை' என்று சொன்னவர்கள் உண்டு. எரிச்சலாக இருக்கும். மாலை ஆறு வரை வேலை, பள்ளி மூன்று மணிக்கு விட்டுவிடும் என்றால் நீங்கள் எதை முதலில் பார்ப்பீர்கள்? அப்புறம், நியூ ஆர்லியன்ஸில் பேண்ட் என்பது பொழுதுபோக்கு இல்லை. மார்டி கிரா ஊர்வலத்தை ஒருமுறை பார்த்தால் தெரியும்.

எங்கள் ஊரில் சார்ட்டர் பள்ளிகள் பேருந்து விட வேண்டும் என்று வைத்தார்கள். பேருந்து இல்லாமல் 'நகரம் முழுக்க எங்கே வேண்டுமானாலும் எழுதலாம்' என்பது கார் இருப்பவருக்கு மட்டும் உண்மை.

டீசி அம்மா

இங்கே பள்ளிப் பேருந்து பொதுவாக இல்லை. மெட்ரோவில் பிள்ளைகளுக்கு இலவசப் பயணம் உண்டு, ஆனால் 3 வயதுக் குழந்தையை மெட்ரோவில் தனியே அனுப்ப முடியுமா? பன்னிரண்டு பெயர் எழுதும்போது பாதி பெயர் அங்கேயே அடிபட்டுவிடும்.

ஒரு நல்ல மாற்றமும் சொல்லிவிடுகிறேன். 2022-23 சேர்க்கையிலிருந்து, விரும்பும் பள்ளிகள் வறுமை போன்ற காரணத்தால் பின்தங்கும் அபாயத்தில் உள்ள பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்று வைத்தார்கள். எல்லாப் பள்ளியும் எடுக்கவில்லை. ஆனால் இப்படி ஒரு விதியைச் சேர்க்க, பொதுவான முறை ஏற்கெனவே இருந்ததால் சுலபமாக இருந்தது.

கணக்கன்

பெயர் எழுதுவதில் இன்னொரு சிக்கல்: பெற்றோர் தங்கள் வாய்ப்பை மிகையாக நினைக்கிறார்கள். நியூ ஹேவனிலும் சிலியிலும் செய்த ஆய்வில், கிடைக்காமலே போகக்கூடிய பட்டியலை எழுதியவர்களுக்கு 'உங்கள் வாய்ப்பு குறைவு' என்று எச்சரிக்கை அனுப்பினார்கள். கணிசமானோர் பட்டியலில் பள்ளிகளைச் சேர்த்தார்கள், இடம் கிடைக்காமல் போவது குறைந்தது. உங்கள் வாரியம் மென்பொருள் வாங்கினால் இந்த வசதியைக் கேளுங்கள். கணக்கைவிட இதற்குத்தான் காசு கொடுக்கலாம்.

வேப்பமரத்தடி

இவ்வளவுக்கும் பிறகு என் மனதில் நிற்பது ஒரு கேள்விதான்: இதை யார் நடத்துவது? எங்கள் சார்ட்டர் பள்ளிகள் மாவட்டத்தை நம்பவில்லை. மாவட்டத்துக்குச் சார்ட்டர் பள்ளிகள் மேல் நம்பிக்கை இல்லை. பெற்றோருக்கு இரண்டு பேர் மேலும் இல்லை.

மிசிசிப்பிக் கரை

ஒவ்வொரு ஊரும் ஒவ்வொரு விதம். டென்வரில் மாவட்டமே நடத்துகிறது. சார்ட்டர் பள்ளிகளோடு முதலிலேயே உடன்படிக்கை இருந்ததால் அது முடிந்தது. எங்கள் ஊரில் முதலில் மாநில அமைப்பு நடத்தியது. 2016-ல் வந்த சட்டப்படி 2018 ஜூலையில் பள்ளிகள் உள்ளூர் வாரியத்துக்குத் திரும்பியபோது விண்ணப்பமும் கூடவே வந்தது. இண்டியானாபொலிஸில் தொடங்கியபோது லாப நோக்கமில்லாத தனி அமைப்பு ஒன்று நடத்தியது.

நான் சொல்வேன், உங்கள் நிலைமைக்கு வாஷிங்டன் மாதிரிதான் பொருந்தும். டீசி அம்மா, அங்கே குழுவில் இரு தரப்பும் உண்டு அல்லவா?

டீசி அம்மா

ஆமாம். பொதுக் குலுக்கல் வாரியம் என்று தனியாக ஒன்று. மாவட்டத்தின் ஆட்களும் சார்ட்டர் பள்ளிகளின் ஆட்களும் அதில் உட்காருகிறார்கள். முன்னுரிமை விதியை மாற்ற வேண்டும் என்றால் அங்கே பேசியாக வேண்டும். குறை இல்லாமல் இல்லை, ஆனால் ஒரு தரப்பு மட்டும் இரவோடு இரவாக விதியை மாற்ற முடியாது.

பிராட் தெரு

இரு தரப்பு என்று சொன்னதில் பெற்றோரைக் காணோம். வேப்பமரத்தடி, வாரியத்தில் ஓட்டுரிமையோடு பெற்றோர் இடம் கேளுங்கள். ஆலோசனைக் குழு என்று டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

வேப்பமரத்தடி

குறித்துக்கொண்டேன். மூடல் பற்றிய கேள்வியை முதலில் கேட்கிறேன். அதற்கடுத்து, பெயர் பெற்ற பள்ளிகள் எல்லாம் முதல் ஆண்டே உள்ளே வருமா, நீக்கத்துக்கும் நடு ஆண்டு மாற்றத்துக்கும் பொது விதி உண்டா, பேருந்து யார் செலவு என்று போகிறேன். பேச மூன்று நிமிடம்தான் தருவார்கள், கணக்கன் அண்ணாவின் கேலும் ஷாப்ளியும் வீட்டிலேயே இருக்கட்டும்.

கணக்கன்

மன்னித்துவிட்டேன். ஆனால் 'உண்மையான வரிசையை எழுதுங்கள்' என்ற ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

டீசி அம்மா

அதோடு சேர்க்கை மையம் சனிக்கிழமையும் மாலையிலும் திறந்திருக்குமா என்றும் கேளுங்கள். முடிவு வந்த வாரத்தில் கூட்டம் மோதும். அந்த வாரம் மட்டும் ஆள் கூடப் போட்டாலே பாதி சண்டை வராது.